இடுக்கில் இருக்கும் போல்ட்டுக்கு எந்த சாக்கெட் செட்?

கடையில் சாக்கெட் செட் கேட்டால் முதலில் எடுத்து வைப்பது 108 பீஸ் பெட்டியைத்தான். திறந்தால் கண்ணைப் பறிக்கும். அதில் ஒரு பங்கு இஞ்ச் அளவுகள், இன்னொரு பங்கு ஸ்க்ரூ டிரைவர் பிட்டுகள். பீஸ் கணக்கு ஏறுவதே இவற்றால்தான். ஆனால் இன்ஜினின் மேனிஃபோல்டு குழாய்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட்டைக் கழற்ற அந்தப் பெட்டியில் ஒன்றுமே உதவாமல் போகலாம். சாக்கெட் தலைமேல் ஏற வேண்டும், ஏறியபின் நழுவாமல் பிடிக்க வேண்டும், பிடித்தபின் கைப்பிடி அசைய இடம் வேண்டும். இந்த மூன்றையும் பார்த்து வாங்கினால் இருபது பீஸ் போதும்.

ஈர்க்குச்சியால் அளந்துகொண்டு போங்கள்

செட் வாங்கும் முன் உங்கள் வண்டியில் எட்டாத போல்ட்டுகள் நாலைந்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேல் நுழையாத இடத்தில் தென்னை ஈர்க்குச்சி நுழையும். ஒடித்து வைத்துப் பார்த்து, எடுத்து அளக்கலாம். அளக்க வேண்டியவை இரண்டு. போல்ட் தலையின் பக்கத்துக்கும் அருகிலுள்ள சுவருக்கும் நடுவே எவ்வளவு? தலைக்கு நேர் மேலே தடையில்லாத உயரம் எவ்வளவு? இதோடு, கைப்பிடியை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் வீச முடியும் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு. பத்தாம் நம்பர் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 10 மி.மீ., மூலைக்கு மூலை சுமார் 11.5 மி.மீ. கால் இஞ்ச் டிரைவில் (டிரைவ் என்பது கைப்பிடி மாட்டும் சதுரத்தின் அளவு) வரும் மெல்லிய பத்தாம் நம்பர் சாக்கெட்டின் வெளிவிட்டம் ஏறக்குறைய 14.5 மி.மீ. அப்படியானால் தலைப் பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே இரண்டரை மி.மீ. இருந்தால் சாக்கெட் இறங்கிவிடும். அதே பத்தாம் நம்பரை அரை இஞ்ச் டிரைவில் வாங்கினால், வாய் மெலிந்திருந்தாலும் அடிப்பகுதி 22 மி.மீ. அளவுக்குப் பருத்திருக்கும். 12.7 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டமே 18 மி.மீ.க்கு நெருக்கம். அதைச் சுற்றிச் சுவரும் வேண்டும் அல்லவா? அதனால்தான் பெரிய டிரைவில் வரும் சிறிய சாக்கெட் இடுக்குக்கு ஆகாது.

காலா, மூணு நூலா, அரையா?

கால் இஞ்ச் (6.35 மி.மீ.), மூணு நூல் (அதாவது 3/8 இஞ்ச், 9.5 மி.மீ.), அரை இஞ்ச் (12.7 மி.மீ.) என்று மூன்று டிரைவ்கள் பழக்கத்தில் உள்ளன. நம்மூர்க் கடைகளில் அரை இஞ்ச்தான் குவிந்து கிடக்கும். மூணு நூல் கேட்டால் சில கடைகளில் யோசிப்பார்கள். ஆனால் இடுக்கு வேலைக்குக் கால் இஞ்ச்சும் மூணு நூலும்தான் கை கொடுக்கும்.

கால் இஞ்ச்சில் சாதாரணக் குட்டை சாக்கெட் சுமார் 25 மி.மீ. உயரம். ராட்செட் (ஒரு பக்கம் திருகி, மறுபக்கம் கிளிக்கென்று நழுவும் கைப்பிடி) தலையையும் சேர்த்தால் மொத்தம் 50 மி.மீ.க்குள் அடங்கும். அரை இஞ்ச்சில் சாக்கெட் மட்டுமே 38 மி.மீ. வரும். பலம் போதுமா என்ற சந்தேகம் வரும். 150 மி.மீ. கைப்பிடியை 15 கிலோ அளவுக்கு இழுத்தால் 22 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். 8.8 தரத்து (பலத்தைக் குறிக்கும் எண்) எம்6 (6 மி.மீ. மரை) போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். எம்8க்குச் சுமார் 25. ஆகவே எம்6 வரை கால் இஞ்ச் தாராளம். எம்8இல் முறுக்கு விடுபட்டபின் சுழற்ற அது போதும். துருப்பிடித்த எம்8ஐ முதலில் உடைத்துவிட மூணு நூல் வேண்டும். கால் இஞ்ச் ராட்செட்டில் பைப் சொருகி இழுக்கவே கூடாது. சதுரம் முறியும், அல்லது உள்ளே பல் உதிரும். இரண்டும் நடக்காவிட்டால் போல்ட் முறியும்.

சக்கர நட்டுகளுக்கும் சஸ்பென்ஷனுக்கும் அரை இஞ்ச்தான். அதை இந்த செட்டோடு சேர்க்காமல் ஒரு டாமி பார் (ராட்செட் இல்லாத நீண்ட கைப்பிடி), 17, 19, 21 என மூன்று சாக்கெட் என்று தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

பிடி எங்கே இருக்கிறது

ஆறு பாயின்ட், பன்னிரண்டு பாயின்ட் என்று சாக்கெட்டில் இரண்டு வகை. வாய்க்குள் ஆறு மூலை இருந்தால் 60 டிகிரிக்கு ஒருமுறை தலைமேல் உட்காரும். பன்னிரண்டு இருந்தால் 30 டிகிரிக்கு ஒருமுறை. எட்டாத இடத்தில் பன்னிரண்டு சுலபமாக உட்காரும் என்பது உண்மை. ஆனால் அது தலையை மூலைக்கு மிக அருகில் தொடுகிறது. மூலையில் இருக்கும் இரும்பு கொஞ்சம்தான். துருவால் அது இன்னும் தேய்ந்திருந்தால் சாக்கெட் வழுக்கி, தலை உருண்டையாகிவிடும். ஆறு பாயின்ட் அகலமான பக்கத்தைத் தொடும். ராட்செட் கையில் இருக்கும்போது 30 டிகிரி வசதியால் பெரிய லாபம் கிடையாது, ராட்செட்டின் பற்களே அந்த வேலையைச் செய்துவிடும். இடுக்கு வேலைக்கு ஆறு பாயின்ட் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பன்னிரண்டு பாயின்ட் கட்டாயமாவது தலையே பன்னிரண்டு மூலையோடு இருக்கும்போதுதான். சில கனெக்டிங் ராடு போல்ட்டுகள் அப்படி வரும்.

ஆறு பாயின்ட்டிலும் நல்லது, கெட்டது உண்டு. வாய்க்குள் எட்டிப் பாருங்கள். மூலைகள் கத்தி வெட்டியது போல் கூராக இருந்தால் பழைய வகை. மூலையில் சிறு வட்டப் பள்ளம் விட்டு, பக்கங்கள் மெல்லிய வளைவாக இருந்தால், விசை மூலையை விட்டு விலகிப் பக்கத்தில் விழும். மழுங்கத் தொடங்கிய தலையையும் இந்த வகை பிடிக்கும். இன்று நல்ல கம்பெனிகள் எல்லாமே ஏதோ ஒரு பெயரில் இதைத்தான் செய்கின்றன.

பலரும் கவனிக்காதது வாயின் விளிம்புச் சரிவு. சாக்கெட் எளிதாக ஏற வேண்டும் என்று வாய் ஓரத்தைச் சாய்த்து வெட்டியிருப்பார்கள். அந்தச் சரிவு ஒன்றரை, இரண்டு மி.மீ. ஆழம் இருந்தால், அந்த அளவுக்குப் பிடி இல்லை. தடித்த தலையில் இது தெரியாது. மெல்லிய நட்டிலும், அடியில் வாஷர் போன்ற விளிம்போடு வரும் ஃபிளாஞ்ச் போல்ட்டிலும் நான்கைந்து மி.மீ.தான் பிடிக்கக் கிடைக்கும். அதில் இரண்டு போனால் வழுக்காமல் என்ன செய்யும்? சரிவு குறைந்த சாக்கெட்டைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பத்தாம் நம்பரைக் கிரைண்டரில் கொடுத்து, சரிவு போகும்வரை முகத்தைத் தட்டையாக உரசிக்கொள்ளலாம். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால் இரும்பின் இறுக்கம் போய்விடும்.

அளவுகள்: எது உங்கள் வண்டிக்கு?

ஒரே எம்8 போல்ட்டுக்கு ஜப்பானிய வழி வண்டியில் 12ஆம் நம்பர் தலை. ஐரோப்பிய வழி வண்டியில் 13. எம்10க்கு அங்கே 14, இங்கே 16 அல்லது 17. மாருதி சுசூகி, ஹோண்டா, டொயோட்டா வைத்திருப்பவர்களுக்கு 8, 10, 12, 14, 17 என்ற வரிசை ஏறக்குறைய எல்லா வேலையையும் முடிக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா என்றால் 13, 16, 18 கட்டாயம். கூடவே பூப்போல் ஆறு இதழுள்ள வெளி டார்க்ஸ் தலைகளும் வரும். அவற்றுக்கு இ8, இ10, இ12 என்று தனி சாக்கெட். அந்தத் தலைமேல் பன்னிரண்டு பாயின்ட்டை அடித்து ஏற்றுபவர்கள் உண்டு. ஒருமுறை கழலும், மறுமுறை கழலாது.

இஞ்ச் அளவு சாக்கெட்டுகள் நம் வண்டிகளுக்குப் பெரும்பாலும் வீண். 5/16 என்பது 7.94 மி.மீ.; எட்டுக்கு மிக இறுக்கம். முக்கால் இஞ்ச் 19.05, 19க்குப் பொருந்தும். மற்றவை ஆபத்து. 7/16 என்பது 11.1 மி.மீ., பத்தாம் நம்பர் தலையில் லொடலொடவென்று ஆடி மூலையைத் தின்றுவிடும். இஞ்ச் சாக்கெட் இல்லாத செட்டாகக் கேளுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் அவற்றைத் தனிப் பையில் போட்டு வீட்டில் வைத்துவிடுங்கள். அவசரத்தில் கை மாறாது.

8, 10, 12 மூன்றிலும் குட்டை ஒன்று, நெட்டை ஒன்று வேண்டும். நட்டைத் தாண்டி ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) நீண்டிருக்கும் இடத்தில் குட்டை சாக்கெட்டின் அடி ஸ்டட்டில் முட்டி, வாய் பாதி மட்டுமே நட்டில் ஏறியிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, வழுக்கும்போதுதான் தெரியும். சைலன்சர் நட்டுகளில் இது அடிக்கடி நடக்கும்.

ஸ்பார்க் பிளக் சாக்கெட்டைத் தனியே பாருங்கள். 10 மி.மீ. மரையுள்ள பிளக்குக்கு 16, 12 மி.மீ. மரைக்குப் பெரும்பாலும் 18 அல்லது 16, 14 மி.மீ. மரைக்கு 20.8 (21 என்று விற்பார்கள்) அல்லது 16. உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்க வேண்டும். ஆழமான குழியிலிருந்து பிளக்கை எடுக்க அது இல்லாமல் முடியாது. வெளிவிட்டமும் முக்கியம். குழியின் சுவரில் உரசும் தடித்த சாக்கெட் பிளக்கின் பீங்கானில் விரிசல் விடும்.

ராட்செட்டின் பற்களை எண்ணுங்கள்

24 பல் உள்ள ராட்செட் ஒரு கிளிக்குக்கு 15 டிகிரி நகர வேண்டும். 36 பல்லுக்கு 10 டிகிரி, 72க்கு 5, 90க்கு 4. 200 மி.மீ. கைப்பிடியின் நுனியில் இது எவ்வளவு? 24 பல்லில் 52 மி.மீ., 36இல் 35, 72இல் 17, 90இல் 14. வயர்க் கட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மூன்று விரல் அகலம்தான் வீச்சு இருந்தால், 24 பல் ராட்செட்டில் ஒரு கிளிக்கை எட்டுவதே பெரும்பாடு. 72 போதும். 90, 120 என்று மேலே போவதில் லாபம் குறைந்துகொண்டே வரும்.

பல் எண்ணிக்கை பெட்டிமேல் இல்லாவிட்டால் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். சதுரத்தை விரலால் பிடித்துக்கொண்டு கைப்பிடியைக் கால் சுற்று திருப்பிக் கிளிக்குகளை எண்ணி நாலால் பெருக்குங்கள். பதினெட்டு வந்தால் 72.

பல்லைவிடத் தொல்லை தருவது பின்னிழுப்பு. நட்டு தளர்ந்தபின் ராட்செட்டைத் திரும்பக் கொண்டுவரும்போது, உள்ளே பல்லைக் கவ்வும் நாக்கின் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் நட்டும் கூடவே திரும்பும். திறந்த இடத்தில் சாக்கெட்டை விரலால் பிடித்துக்கொள்ளலாம். இடுக்கில் விரல் எங்கே போகும்? முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருப்பீர்கள், போல்ட் அங்கேயே இருக்கும். சதுரத்தை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, கைப்பிடியைப் பின்னுக்கு ஆட்டிப் பாருங்கள். சதுரம் விரலில் நழுவித் திரும்பினால் அந்த ராட்செட் வேண்டாம்.

கழுத்து மடங்கும் ராட்செட் தடையைத் தாண்டிக் கைப்பிடியைத் தூக்கிக்கொள்ள உதவும். ஆனால் மடித்த நிலையில் பலமாக இழுத்தால் சாக்கெட் சாயும். முறுக்கு உடைக்க நேராக, சுழற்ற மட்டும் மடித்து. 100 மி.மீ. குட்டை ராட்செட் ஒன்று கூட இருந்தால் நல்லது; மூணு நூல் தலையில் குட்டைப் பிடி என்றால் இன்னும் நல்லது.

எக்ஸ்டென்ஷன், யூனிவர்சல் ஜாயின்ட்

இடுக்குக்குள் கையை நுழைக்கப் பார்ப்பதைவிட, கைப்பிடியை இடுக்குக்கு வெளியே கொண்டுவருவது சுலபம். 50, 75, 150, 250 மி.மீ. எக்ஸ்டென்ஷன்கள் (சாக்கெட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டும் நீட்டுக் கம்பிகள்) இருந்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளலாம். கியர்பாக்ஸ் மேல் போல்ட்டுக்கு அரை மீட்டருக்கு மேல் நீட்டி, காருக்கு அடியிலிருந்து கழற்றுவது வழக்கமான முறைதான். நேரான எக்ஸ்டென்ஷன், முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சின் கணக்கை மாற்றாது. நீளம் கூடினால் கம்பி முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் மாதிரி நடக்கும், அவ்வளவுதான். அதனால் துருப்பிடித்த போல்ட்டை வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக அழுத்தம் ஏற்றுங்கள்.

நேர்கோட்டில் வழி இல்லாவிட்டால் முதலில் வாபுள் எக்ஸ்டென்ஷன். அதன் சதுர முனை உருண்டு இருக்கும்; 10 முதல் 15 டிகிரி வரை சாயும், சாக்கெட்டின் பிடி கெடாது. அதற்கும் மேல் சாய்வு தேவைப்பட்டால்தான் எந்தப் பக்கமும் மடங்கும் யூனிவர்சல் ஜாயின்ட். 30 டிகிரியைத் தாண்டினால் அது ஒரே சீராகச் சுற்றாது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் திணறும். சாக்கெட்டையும் பக்கவாட்டில் தள்ளும். தளர்ந்த ஜாயின்ட் கீழே தொங்கி, போல்ட்டைத் தேடவே விடாது. அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றினால் விறைப்பாக நிற்கும், தேவையான அளவு மடங்கவும் செய்யும். ஜாயின்ட்டும் வாபுளும் சாக்கெட்டை ஒட்டியே இருக்கட்டும், ராட்செட் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள கம்பி ஆடும்.

சாக்கெட் எக்ஸ்டென்ஷனிலிருந்து கழன்று இன்ஜினுக்குள் விழுவதுதான் இந்த வேலையின் பெரிய எரிச்சல். கடையில் சாக்கெட்டை மாட்டித் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். விழுந்தால், சதுரத்தின் பக்கத்தில் சாக்கெட்டைப் பிடித்துக்கொள்ளும் பூட்டுக் குண்டின் ஸ்பிரிங் சரியில்லை. பூட்டு வளையம் உள்ள எக்ஸ்டென்ஷன் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

கடையில் இன்னும் என்ன பார்ப்பது

பையில் ஒரு புதிய எம்6 போல்ட், ஒரு எம்8 போல்ட் எடுத்துப் போங்கள். சாக்கெட்டில் போட்டுத் திருகிப் பாருங்கள். மெல்லிய அசைவு இருக்கும், இருக்கவும் வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்தால் வேண்டாம். வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து, சுவர்த் தடிமன் சுற்றிலும் ஒன்றா என்று பாருங்கள். மலிவு சாக்கெட்டில் அறுகோணம் ஓரமாக வெட்டப்பட்டிருக்கும், மெல்லிய பக்கம்தான் முதலில் பிளக்கும். உள்மூலையில் குரோம் பூச்சு கட்டி கட்டியாக இருந்தால் பிறகு உரிந்து விரலைக் கிழிக்கும். குரோம் வனேடியம் என்ற முத்திரை எல்லா சாக்கெட்டிலும் இருக்கும், அதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். டிஐஎன் 3124 என்ற எண்ணையும் பார்க்கலாம்; அது கை சாக்கெட்டுக்கான ஜெர்மன் தரம். கறுப்பு நிறத் தடித்த சாக்கெட்டுகள் இம்பாக்ட் துப்பாக்கிக்கானவை. சுவர் தடிமன் அதிகம் என்பதால் இடுக்குக்கு வேண்டாம்.

எண்ணெய்க் கையால் அளவைப் படிக்க முடிகிறதா என்பதும் கணக்குத்தான். மெல்லிய லேசர் எழுத்து ஆறு மாதத்தில் மறையும். ஆழப் பொறித்த எண் நிற்கும்.

வேலையில் இறங்கும்போது

பேட்டரி பக்கத்தில் என்றால் முதலில் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். நீண்ட இரும்புக் கைப்பிடி பிளஸ்ஸையும் பாடியையும் ஒரே நேரத்தில் தொட்டால் தீப்பொறி தெறிக்கும்.

தலையில் ஒட்டிய சேறு, பெயின்ட்டை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அழுக்கு அடைத்த தலையில் சாக்கெட் முழுசாக இறங்காது. துரு இருந்தால் ஊடுருவும் எண்ணெய் அடித்து, நேரம் இருந்தால் ஒரு இரவு விடுங்கள். சாக்கெட்டை விரலால் அழுத்தி, தலையின் அடிவரை இறங்கியதை உறுதி செய்தபின்பே இழுக்க வேண்டும். எப்போதும் உங்கள் பக்கம் இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ளுங்கள். வழுக்கினால் முட்டி தப்பிக்கும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி உண்டு. மேலே இடம் குறைவான போல்ட்டை ராட்செட்டாலேயே கடைசிவரை கழற்றிக்கொண்டு போனால், போல்ட் மேலே வர வர ராட்செட் தலை ஃபிரேமில் முட்டி நிற்கும். எம்8இல் மரை இடைவெளி 1.25 மி.மீ.; எட்டுச் சுற்றில் போல்ட் ஒரு சென்டிமீட்டர் எழும்பிவிடும். முட்டியபின் சாக்கெட்டை எடுக்கவும் முடியாது, திசை மாற்றும் நெம்பு மேலே அடைபட்டுப் போனால் திருப்பி இறுக்கவும் முடியாது. போல்ட் நீளத்தையும் மேலுள்ள இடத்தையும் முதலிலேயே ஒப்பிட்டு, தளர்ந்தவுடன் ராட்செட்டை எடுத்துவிட்டு விரலால் சுற்றுங்கள்.

திரும்பப் பூட்டும்போது போல்ட் சாக்கெட்டிலிருந்து நழுவினால், தலைமேல் ஒரு துண்டு பாலிதீன் கவரை வைத்து சாக்கெட்டில் அழுத்துங்கள், கவ்விக்கொள்ளும். முதல் மூன்று நான்கு சுற்று ராட்செட் இல்லாமல், எக்ஸ்டென்ஷனை விரலால் உருட்டியே ஏற்ற வேண்டும். கோணலாக ஏறிய மரையை விரல் உணரும், ராட்செட் உணராது. அலுமினிய ஹெட்டில் இது நடந்தால் செலவு ஆயிரங்களில் போகும். 10 மி.மீ. மரை ஸ்பார்க் பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான், அதற்கு மேல் பலம் காட்டாதீர்கள்.

ராட்செட்டுக்குள் கிரீஸை அப்பாதீர்கள். நெருக்கமான பல்லில் கெட்டி கிரீஸ் சிக்கினால் நாக்கு முழுதாக விழாது. இழுக்கும்போது பல் தாவி, கை எங்கேயாவது போய் மோதும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

மேலே 25 மி.மீ.கூட இல்லாத இடத்தில் சாதாரண சாக்கெட் ஏறாது. அங்கே ரிங் ஸ்பானர், அல்லது ராட்செட் உள்ள ரிங் ஸ்பானர்தான். 8, 10, 12 மூன்றை செட்டோடு வாங்கிவிடுங்கள். தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால், உள்ளே சுருள் பல் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டைத் தட்டி ஏற்றித் தளர்த்தலாம். தட்டச் சுத்தியல் வீச இடமில்லாவிட்டால், ஒரு நீண்ட எக்ஸ்டென்ஷனை அதன்மேல் மாட்டி வெளிமுனையில் தட்டுங்கள். நல்ல எக்ஸ்டென்ஷனை அதற்குப் பயன்படுத்த வேண்டாம், பூட்டுக் குண்டு போய்விடும்.